புதுக் கவர் வேண்டாம் என்று சொன்ன மஞ்சக்குப்பம் சீட் கடை

மூன்று மாதத்துக்கு முன் நெல்லிக்குப்பத்தில் ஒருவரிடம் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் வாங்கினேன். எஞ்சின் அருமை, சீட்டுதான் பார்க்கச் சகிக்கவில்லை. கறுப்பு ரெக்சின் வெளுத்துச் சாம்பலாகி, கோடுகளுக்கு நடுவே அழுக்கு அப்பி, இடப்பக்கத் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து கிடந்தது.

முதலில் ஒரு வாட்டர் வாஷ் கடையில் பளபளவென்று ஏதோ பாலிஷ் போட்டுக் கொடுத்தார்கள். அன்று மாலையே பிரேக் பிடித்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா வழுக்கி என் முதுகில் மோதினார். சிலிக்கான் கலந்த பாலிஷை உட்காரும் இடத்தில் தயவுசெய்து தடவாதீர்கள்.

அப்புறம்தான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இந்தச் சின்னக் கடைக்குப் போனேன். "கவரை மாத்திடுங்கண்ணே" என்றேன். கடைக்காரர் விரலால் அங்கங்கே அழுத்திப் பார்த்துவிட்டு, "ரெக்சின் இன்னும் மெத்துன்னுதான் இருக்கு தம்பி. கம்பெனி கவர் இது, கழட்டிப் போட்டா இதே மாதிரி கிடைக்காது, தையல் மட்டும் போட்டுக்கலாம்" என்றார். புதுக் கவர் போட்டால் 600 ரூபாய், தையலுக்கும் கவரைத் திரும்ப மாட்டும் கூலிக்கும் 250தான். வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்று சொன்ன அந்த மனதுக்காகவே இதை எழுதுகிறேன்.

தகரத் தட்டின் பற்களிலிருந்து கவரைக் கழற்றினால், உள்ளே ஃபோம் ஈரமாக இருந்தது. பிரிந்த தையல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஃபோமை நிழலில் உலர்த்தவும், கவரைக் கழுவவும் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றில் தட்டு வேறு துருப்பிடித்திருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்தேன்.

கழுவுவதில்தான் பாதி அழகு திரும்பியது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு, பழைய டூத் பிரஷ், அவ்வளவுதான். மூன்று முறை கறுப்புத் தண்ணீராக வடிந்தது. பெட்ரோலோ தின்னரோ தொடக்கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், காரணமும் சரிதான். ரெக்சினின் மேல்தோல் பி.வி.சி., அதை வளைந்துகொடுக்க வைப்பதே அதில் கலந்திருக்கும் எண்ணெய் மாதிரியான ஒரு பொருள், பெட்ரோல் பட்டால் அழுக்கோடு அதுவும் கரைந்து வந்துவிடும், பிறகு தோல் விறைத்து வெடிக்கும். கறுப்பு ஷூ பாலிஷ் தடவுகிறவர்களும் உண்டு, வேட்டியோடு உட்கார்ந்தால் தெரியும்.

தையலைப் பழைய ஓட்டைகள் வழியாகவே நைலான் நூலில் போட்டார். புதிதாகக் குத்தினால் அந்த வரிசையிலேயே கிழியுமாம். உட்பக்கம் பசை தடவி ஒரு ரெக்சின் பட்டை ஒட்டினார், ஃபோமுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் விரித்தார், கவரைக் கால் மணி நேரம் வெயிலில் போட்டு இளகிய பிறகு இரண்டு பக்கமும் சமமாக இழுத்து மாட்டினார். ஒரு சுருக்கம்கூட இல்லை. கடைசியில் சிலிக்கான் இல்லாத கிரீமை நான் மெலிதாகத் தடவித் துடைத்தேன்.

குறை என்றால், இரண்டு நாள் என்று சொல்லி நாலு நாள் ஆக்கினார். பின்பக்கம் இருந்த சின்ன வெடிப்பில் வைத்த கறுப்புப் பேஸ்ட் கிட்டத்தில் பார்த்தால் தெரிகிறது. வெடிப்பு ஃபோம் வரைக்கும் போயிருந்தாலோ ஃபோமே அமுங்கிக் குழிந்திருந்தாலோ இந்த வேலை போதாது, அப்போது புதுக் கவர்தான். என் சீட் புதுக் கறுப்பு ஆகவில்லை, ஆனால் அந்தப் பழைய கோடுகள் அப்படியே இருக்கின்றன, போன வாரம் பெய்த மழையில் உள்ளே சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.