வெரிகோசீல் அறுவை சிகிச்சையா, நேராக இக்சியா?

விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை குறைவு என்று வருகிறது. மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் வெரிகோசீல் இருக்கிறது என்கிறார். இந்த நிலையில் இருக்கும் தம்பதிக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் வைக்கப்படும். கணவனுக்கு அறுவை சிகிச்சை செய்துவிட்டு இயற்கையாகக் கரு தங்கக் காத்திருப்பது ஒன்று. கிடைக்கிற விந்தணுவில் ஒன்றை எடுத்து ஆய்வகத்தில் நேரடியாகச் சினைமுட்டைக்குள் செலுத்தும் இக்சி மற்றொன்று. நானும் என் மனைவியும் அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தோம். அந்தச் சாய்வு கீழே எழுதியிருப்பதில் தெரியும், மறைக்கவில்லை.

விதைப்பையில் உள்ள சிரைகள் புடைத்துக்கொள்வதுதான் வெரிகோசீல். இடது விரையின் சிரை, சிறுநீரகச் சிரையோடு கிட்டத்தட்ட செங்கோணத்தில் போய்ச் சேர்கிறது. அதனால் அந்தப் பக்கம்தான் ரத்தம் எளிதில் தேங்கும். தேங்கினால் விரையின் சூடு ஏறும். விந்தணு நன்றாக உற்பத்தியாக உடல் சூட்டைவிடச் சற்றுக் குறைவான சூடு வேண்டும் என்பதால் பாதிப்பு அங்கே தொடங்குகிறது. ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு. அவர்களில் பலர் எந்தச் சிக்கலும் இல்லாமல் அப்பா ஆகிறார்கள். ஆகவே, இருக்கிறது என்பதாலேயே அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டியதில்லை. கையால் தொட்டே உணரும் அளவுக்கு இருக்க வேண்டும், விந்துப் பரிசோதனையும் குறை காட்ட வேண்டும். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்ன வெரிகோசீலுக்கு அறுவை சிகிச்சையை மருத்துவ வழிகாட்டிகள் பரிந்துரைப்பதில்லை.

பரிசோதனையும் ஒன்று போதாது. இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்து மாதிரி கொடுத்து, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டில் மில்லி லிட்டருக்கு 1.6 கோடி விந்தணு என்பது கீழ் எல்லை. அதற்குக் கீழே போனால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. தந்தையான ஆண்களில் 5 சதவீதம் பேருக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

சரி, எதை வைத்து முடிவெடுப்பது? வலி, தழும்பு, மருத்துவமனையில் எத்தனை நாள் என்றெல்லாம் நாங்களும் பேசினோம். மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் அறுவை சிகிச்சையில் வெரிகோசீல் திரும்ப வருவது அரிது, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அதனால் அந்தக் கேள்விகள் சீக்கிரம் அடங்கிவிட்டன. எங்கள் முடிவைத் தீர்மானித்தது காலம், அதிலும் மனைவியின் வயது.

ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ 74 நாள் பிடிக்கிறது, முதிர்ந்து வெளியே வர இன்னும் சில நாள். ஆகவே அறுவை சிகிச்சை முடிந்து சுமார் மூன்று மாதம் கழித்துத்தான் முதல் மாற்றத்தையே பார்க்க முடியும். முழுப் பலன் தெரிய ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்குப் பிறகும் கரு தங்கச் சில மாதங்கள் விட்டுக் கொடுக்க வேண்டும். மொத்தத்தில் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு முப்பதுக்குள் வயது, சினைமுட்டை இருப்பும் நன்றாக இருக்கிறது என்றால் அந்த ஒரு வருடத்தால் பெரிய இழப்பில்லை. முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்றால் கதையே வேறு. அந்த வயதில் முட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறைகின்றன, இக்சியின் வெற்றி வாய்ப்பும் அதோடு சேர்ந்து இறங்குகிறது. கணவனின் விந்தணு எண்ணிக்கை ஏறும் என்று காத்திருந்து மனைவியின் முட்டைகளை இழப்பது நல்ல பேரம் இல்லை. அதனால் கணவனுக்கு மட்டும் பரிசோதனை செய்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். மனைவியின் ரத்தத்தில் பார்க்கும் ஏஎம்எச் என்ற ஹார்மோனின் அளவும் சினைப்பை ஸ்கேனும் கையில் இருக்கட்டும். ஏஎம்எச் முட்டையின் இருப்பைத்தான் காட்டும், தரத்தைக் காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எங்களுக்கு அந்த அவகாசம் இருந்தது. அவகாசம் இருக்கும்போது என் பக்கத்துக் குறைக்கு என் மனைவி ஊசி போட்டுக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இக்சியில் விந்தணு கணவனுடையது, சிகிச்சையின் பாரம் பெரும்பாலும் மனைவியுடையது. பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, அடிக்கடி ஸ்கேன், மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படும் ஆபத்து. முதல் சுழற்சி கைகொடுக்காவிட்டால், உறைய வைத்த கருக்கள் மிச்சம் இல்லாதபோது, எல்லாம் மறுபடியும். அறுவை சிகிச்சையின் பலனோ அடுத்த குழந்தைக்கும் உதவலாம்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்குப் பரிசோதனை முடிவு மேம்படுகிறது. எண் மேம்பட்ட எல்லோருக்கும் குழந்தை கிடைத்துவிடுவதில்லை. எனக்கு எண்ணிக்கை ஏறியது, அப்புறம் கருவும் தங்கியது. அது முழுக்க அறுவை சிகிச்சையால்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இக்சியை நாங்கள் நேரில் அனுபவிக்கவும் இல்லை, அதைக் கடந்து வந்த நண்பர்கள் சொன்னதையும் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

1992-ல் முதல் குழந்தைகள் பிறந்த செய்தி வெளியானதிலிருந்து, மிகக் குறைந்த எண்ணிக்கை உள்ள ஆண்களுக்கு இக்சி திறந்துவிட்ட கதவு பெரியது. விந்துவில் விந்தணுவே இல்லாதவர்களில் பலருக்குக்கூட விரையிலிருந்து எடுத்துப் பயன்படுத்த முடிகிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் முதலில் ஹார்மோன், மரபணுச் சோதனைகளை முடிக்க வேண்டும், இந்த ஒப்பீடு அவர்களுக்குப் பொருந்தாது. மனைவியின் கருக்குழாய் அடைபட்டிருந்தாலும் கணவனுக்கு மட்டும் செய்யும் அறுவை சிகிச்சையால் இயற்கையாகக் கரு தங்கப் போவதில்லை.

அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தால், காத்திருக்கும் மாதங்களில் புகையை விடுங்கள். தெம்புக்கு என்று யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். அறுவை சிகிச்சைக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து ஒரு கெடுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் கரு தங்காவிட்டால் இன்னொரு மூன்று மாதம் பார்ப்போம் என்று தள்ளாமல் இக்சிக்குப் போய்விடலாம். அந்தத் தேதியை மனைவியின் வயதைப் பார்த்துக் குறியுங்கள்.