நாக் சென்சார்: உடனே மாற்றுவதா, முதலில் வயரைப் பார்ப்பதா?
இன்ஜினுக்குள் எரிபொருள் தாறுமாறாக எரிந்து எழும் தட்டலை (நாக்) அதிர்வால் உணர்வதுதான் நாக் சென்சார். வண்டியின் ஸ்கேனரில் பி0325 (P0325) என்ற பிழைக் கோடு வந்ததும் பலர் நேராகப் புது சென்சார் வாங்கிவிடுகிறார்கள். அந்தக் கோடு சொல்வது சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான். சென்சாரே போய்விட்டது என்றல்ல.

வயரைச் சோதிக்கப் பெரிய செலவு கிடையாது. கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்: உள்ளே உலோகப் பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கலாம், எண்ணெய் இறங்கியிருக்கலாம், வயர் சூட்டில் வெடித்திருக்கலாம். சென்சாரைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலும் சிக்னல் கெடும். சென்சாருக்குள்ளே இருப்பது அதிர்வை மின்சாரமாக்கும் பீசோ படிகம். இன்ஜின் பிளாக்கோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் அதற்குக் காது கேட்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கோடு திரும்பினால் மாற்றத்தான் வேண்டும். தள்ளிப்போட்டால் ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பாதுகாப்புக்காக இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும். இழுவையும் மைலேஜும் குறையும். மாற்றும்போது பிளாக்கின் பரப்பைத் துருவில்லாமல் துடைத்து, வாஷர் எதுவும் போடாமல், குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரென்ச்சால் முடுக்குங்கள். முடுக்கும் அளவு, வளைய வடிவ சென்சாருக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர் அளவில் வரும். உங்கள் வண்டியின் மேனுவல் சொல்வதே முடிவு.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில வி6 இன்ஜின்களில் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) அடியில் இருக்கும். அவ்வளவையும் பிரித்தபின் பழையதையே மாட்டுவது வீண். சென்சாரோடு வயரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.