வைரஸ் எடுக்க வந்தவரே வைரஸை வைத்துவிட்டுப் போனார்: சிறு தொழில் நடத்துவோருக்கு ஓர் எச்சரிக்கை

திருப்பூர், ஈரோடு, கோவைப் பக்கம் சிறு தொழில் நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். அலுவலகக் கணினியில் வைரஸ் வந்துவிட்டால் நாம் எல்லாரும் செய்வது ஒன்றுதான். பக்கத்து யூனிட்காரரிடம் நல்ல ஆள் யார் என்று கேட்போம். அவர் ஒரு கைப்பேசி எண் தருவார். வருகிற ஆள் சி.பி.யூ.வைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போவார். எங்களுக்கும் அப்படித்தான் ஓர் ஆள் வந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. அவர் வேலை செய்த விதத்தைச் சொல்கிறேன். அதே விதத்தில் வேலை செய்கிறவர்கள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள்.

எங்களுடையது பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட். டெலிவரி சலான், பில், வாரச் சம்பளப் பட்டியல், 'டாலி' என்ற கணக்கு மென்பொருளில் எழுதிய கணக்கு எல்லாம் ஒரே கணினியில் இருந்தன. பிரவுசரைத் திறந்தால் போதும், விளம்பரப் பக்கங்கள் தானாக வந்து விழுந்தன. அது எரிச்சலே தவிர, பெரிய ஆபத்து அல்ல. வந்தவர் திரையைப் பார்த்த மாத்திரத்தில், "ஃபார்மட் செய்தால்தான் போகும் அண்ணா" என்றார். எடுத்துக்கொண்டு போய், புது விண்டோஸ், ஆபீஸ், ஆன்டிவைரஸ் எல்லாம் போட்டதாகச் சொல்லி 3,500 ரூபாய் வாங்கினார். பில் கேட்டதற்கு அடுத்த முறை தருகிறேன் என்றார்.

சில நாள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு காலையில் கணக்குப் பார்க்கும் பெண் டாலியைத் திறந்தால் எங்கள் கம்பெனிக் கணக்கே காணவில்லை. எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து வால் ஒன்று ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மி' என்ற குறிப்பு கிடந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலையில் 490 டாலர் என்று அதில் இருந்தது. நம்பிக்கை வருவதற்காக ஒரே ஒரு கோப்பை இலவசமாகத் திறந்து தருவோம், ஆனால் அதில் மதிப்புள்ள தகவல் இருக்கக் கூடாது என்றும் இருந்தது. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே ஆளைத்தான் மறுபடி கூப்பிட்டோம். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "இது புது வைரஸ், என்னிடம் தனி சாஃப்ட்வேர் இருக்கிறது, 60,000 ரூபாய் ஆகும்" என்றார். நாங்கள் தயங்கியதும், திறமையைக் காட்டுகிறேன் என்று ஒரு சிறிய படக் கோப்பை எடுத்துப் போனார். மறுநாள் அதைத் திறந்த நிலையில் கொண்டுவந்து காட்டினார். வீட்டில் எல்லாரும் நம்பிவிட்டார்கள். பணம் ஏற்பாடு செய்யும் பேச்சு தொடங்கிவிட்டது.

காப்பாற்றியவர் எங்கள் ஆடிட்டர். விஷயத்தைக் கேட்டவர், "அவரிடம் டாலி கோப்பு ஒன்றை நீங்களே எடுத்துக் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள்" என்றார். கொடுத்தோம். அது முடியாது, முழுப் பணமும் கட்டினால்தான் சாஃப்ட்வேர் மொத்தமாக ஓடும் என்றார். சாஃப்ட்வேரின் பெயர் என்ன, எந்த நிறுவனத்துடையது என்று கேட்டேன். "அதெல்லாம் தொழில் ரகசியம்" என்றார். குறிப்பில் இருந்த அந்த இலவசக் கோப்பு வரி அப்போதுதான் என் மனத்தில் பட்டது. அவர் காட்டியது அவருடைய திறமையாக இருக்க வழியே இல்லை. பூட்டியவனுக்கே கோப்பை அனுப்பி, இலவச மாதிரியை வாங்கி வந்து நம்மிடம் காட்டியிருக்கிறார் என்றுதான் நான் உறுதியாக நம்புகிறேன். 490 டாலர் என்பது அப்போதைய மதிப்பில் சுமார் 41,000 ரூபாய். மீதி யாருக்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இப்படி இடையில் நின்று பிணைத்தொகையைத் தானே கட்டிவிட்டு, 'டேட்டா ரெக்கவரி' என்று கூடுதலாகக் கறப்பது வெளிநாடுகளிலும் அம்பலமான வேலை.

ஆடிட்டர் அனுப்பிய இளைஞர் வந்து செய்த முதல் காரியம் இணையக் கம்பியைப் பிடுங்கியது. இரண்டாவது, எதையும் தொடாமல் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்தது. அதற்குப் பிறகுதான் பார்க்கவே தொடங்கினார். நல்ல ஆளை இந்த வரிசையை வைத்தே கண்டுகொள்ளலாம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அவர் கண்டுபிடித்தது இது. பூட்டியது 'ஸ்டாப் டிஜேவியு' என்ற வகை ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ். பெரும்பாலும் திருட்டு மென்பொருளுடனும், விண்டோஸையும் ஆபீஸையும் காசில்லாமல் இயக்க வைக்கும் 'ஆக்டிவேட்டர்' நிரல்களுடனும் ஒட்டிக்கொண்டு பரவுவது. எங்கள் கணினியில் அந்த ஆக்டிவேட்டர் ஃபோல்டர் அப்படியே இருந்தது. தேதியைப் பார்த்தால், கணினி அந்த ஆளின் கடையில் இருந்த நாள். ஆக்டிவேட்டரைத் தடுக்காமல் இருக்க, விண்டோஸுடனேயே வரும் பாதுகாப்பு நிரலான விண்டோஸ் டிஃபெண்டர் சோதிக்காமல் விட்டுவிடும் விலக்குப் பட்டியலில் சி டிரைவ் முழுவதையும் சேர்த்து வைத்திருந்தார். அதாவது வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே ஆன்டிவைரஸ் இருக்கிறது என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார். அந்த ஆன்டிவைரஸும் கிராக் செய்யப்பட்ட திருட்டுப் பிரதிதான்.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் வேறொன்றில். அது பிராண்டட் கணினி, அசல் விண்டோஸுடன் வாங்கியது. அத்தகைய கணினியில் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மறுபடி நிறுவினால், இணையத்தில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும், ஒரு பைசா செலவில்லை. முதல் ஆள் அந்த அசல் விண்டோஸை அழித்துவிட்டு, உரிமம் இல்லாத 'புரோ' பதிப்பைப் போட்டு, அதற்கு ஆக்டிவேட்டரை ஓட்டியிருக்கிறார். தேவையே இல்லாத ஒரு திருட்டால் எங்கள் கணக்கு முழுவதும் போனது.

மீட்பைப் பற்றி. இந்த வகைக்கு எம்சிசாஃப்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2019 அக்டோபரில் இலவசக் கருவி வெளியிட்டது. 2016இல் நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்திலும் இப்படிப்பட்ட கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம் கேட்கும் முன் ஒருவர் அங்கே பார்த்தாரா என்று கட்டாயம் கேளுங்கள். குறிப்பில் உள்ள அடையாள எண் 't1' என்று முடிந்தால் அது பலருக்கும் பொதுவான ஆஃப்லைன் சாவி, அந்தச் சாவி கிடைத்திருந்தால் கோப்புகள் திறக்க வழி உண்டு. எங்களுடையது அப்படி முடியவில்லை. இந்தக் கணினிக்கென்றே தனியாக உருவான சாவி, அது பூட்டியவனிடம் மட்டும்தான் இருக்கும். இந்த வைரஸ் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட்டைத்தான் பூட்டுகிறது. அதனால் பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாக்கிய பெரிய 'ஜிப்' (zip) கோப்புகளாக வைத்திருந்த பழைய சம்பளப் பட்டியல்களில் முன்னால் இருந்த சில மட்டும் போக, மற்றவற்றை அந்த இளைஞர் எடுத்துக் கொடுத்தார். டாலி வரவில்லை. ஆடிட்டரிடம் மார்ச் வரைக்குமான பேக்கப் இருந்தது. அதற்குப் பிந்தைய விற்பனையை ஜி.எஸ்.டி. தளத்தில் தாக்கல் செய்த ஜி.எஸ்.டி.ஆர்-1 விவரங்களிலிருந்தும், கொள்முதலை அதே தளத்தின் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையிலிருந்தும், மீதியை இ-வே பில்களிலிருந்தும் உட்கார்ந்து திரும்ப ஏற்றினோம். தாக்கல் செய்யாத நடப்பு மாதத்துக்குக் காகிதச் சலான்கள்தாம் கைகொடுத்தன.

இன்னொன்றையும் அந்த இளைஞர்தான் எச்சரித்தார். இந்த வகையுடன் பாஸ்வேர்டு திருடும் நிரலும் சேர்ந்து வருவது வழக்கமாம். பிரவுசரில் சேமித்து வைத்திருந்த வங்கி, மின்னஞ்சல், ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் வேறொரு கணினியிலிருந்து உடனே மாற்றச் சொன்னார். முதல் ஆள் இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

இப்போது யாரிடமும் வேலை கொடுக்கும் முன் நான் கேட்பவை: முதலில் டிஸ்க்கைப் பிரதி எடுப்பீர்களா, என் கண்முன்னே இங்கேயே செய்ய முடியுமா, போடும் மென்பொருள்களுக்கு ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் தருவீர்களா? தயங்கினால் அத்தோடு சரி. கணினி வெளியே போக வேண்டியிருந்தால் ஹார்ட் டிஸ்க், ரேம் ஆகியவற்றின் வரிசை எண்களை எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். கணினியில் செருகும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கழற்றி என்னிடம் வைத்துக்கொள்கிறேன். பிணைத்தொகைக்காரனுக்குப் பணம் கட்டவில்லை. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் குறிப்பின் படத்துடனும் ஆக்டிவேட்டர் தேதியுடனும் புகார் பதிவு செய்திருக்கிறோம். பூட்டிய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருக்கிறோம், பின்னாளில் சாவிகள் வெளியான நிகழ்வுகள் உண்டு.

பில் தராமல் 'எல்லாம் போட்டுத் தருகிறேன்' என்று சொன்ன யாரிடமாவது நீங்களும் சமீபத்தில் கணினியைக் கொடுத்திருந்தால், இன்றே விண்டோஸ் செக்யூரிட்டியில் விலக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே நீங்கள் சேர்க்காத ஃபோல்டரோ, சி டிரைவ் முழுவதுமோ இருந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள், டாலி ஃபோல்டரை வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்துவிடுங்கள், அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்த பிறகு வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.