டெம்பரரி ஃபில்லிங் கிட்: 3 நாள் என்னைக் காப்பாத்துச்சு

ராத்திரி 11 மணிக்கு கடைவாய்ப்பல்லுல இருந்த பழைய ஃபில்லிங் அப்படியே கழண்டு வந்துடுச்சு, காத்து பட்டாலே உச்சந்தலை வரைக்கும் சுரீர்னு இழுக்குது, டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் 3 நாள் கழிச்சுதான் கிடைச்சது. அதுவரைக்கும் தாங்கணுமேன்னு மெடிக்கல் ஷாப்ல இதை வாங்கினேன்.

உள்ள இருக்கிறது ஜிங்க் ஆக்ஸைடு கலந்த பேஸ்ட், எச்சில் ஈரம் பட்டா தானா இறுகிடும். முதல் தடவை அவசரத்துல நிறைய வெச்சுட்டேன், கடிக்கும்போது மேல் பல்லு அதுல முட்டி வலி இன்னும் ஜாஸ்தியாச்சு. ரெண்டாவது தடவை நல்லா கொப்பளிச்சு, ஓட்டைய சுத்தம் பண்ணி, கொஞ்சமா வெச்சு, மெதுவா கடிச்சுப் பார்த்து மிச்சத்தை வழிச்சு எடுத்தேன், சரியா உக்காந்துடுச்சு. கூச்சம் பாதிக்கு மேல குறைஞ்சுது, ஆனா அந்தப் பக்கம் மெல்லவே கூடாது.

முக்கியமா ஒண்ணு, ஈறு வீங்கியிருந்தாலோ சீழ் வந்தாலோ காய்ச்சல் அடிச்சாலோ தயவுசெஞ்சு இதை வெச்சு அடைக்காதீங்க, உள்ள அழுத்தம் ஏறிடும், உடனே டாக்டர்கிட்ட போங்க. ஆஸ்பிரின் மாத்திரைய ஈறுல வைக்கிற பழக்கமும் வேண்டாம், சதை வெந்துடும்.

மூணாவது நாள் ஓரத்துல கொஞ்சம் உதிர ஆரம்பிச்சது, அதுக்காக 1 ஸ்டார் குறைக்கிறேன். நரம்பு வரைக்கும் சொத்தை போகாததால ரூட் கேனால் இல்லாம புது ஃபில்லிங்கோட முடிஞ்சது.