வயிற்றில் கை வைக்காமலே வாங்கிய 4,350 ரூபாய்

குடல்வால், அதாவது அப்பென்டிக்ஸ், வெடித்தும் தம்பி பிழைத்துக்கொண்டான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பதற வேண்டாம். ஆனால் மூன்று நாளில் வீடு திரும்பியிருக்க வேண்டியவன் பதிமூன்று நாள் கிடந்தான். நடு வயிற்றில் ஒரு சாண் தழும்பு. இந்த வருசம் மூட்டை தூக்கக் கூடாது என்று உத்தரவு.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். தை மாசக் கடைசி. சம்பாவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டி ஆறு நாள் ஆகியிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே இருக்கிறது என்று ஒரு நாள், சாக்கு வரவில்லை என்று மறுநாள். பனியில் தார்ப்பாய் மூடிக் காவல் இருந்தவன் தம்பி. 23 வயசு. வியாழன் ராத்திரி கடைத்தெருவில் நாலு பரோட்டா தின்றிருக்கிறான். அந்தப் பரோட்டாதான் எங்கள் எல்லார் கண்ணையும் மறைத்தது.

வெள்ளி விடியற்காலை இரண்டு மணி வாக்கில் தொப்புளைச் சுற்றி வலி. இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத மந்தமான வலி. ஆறு மணிக்கு வாந்தி. அம்மா ஓமத்தண்ணி கொடுத்தார். சித்தி விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவிவிடலாம் என்றார். நல்லவேளை, வீட்டில் எண்ணெய் இல்லை. குடல்வால் வீங்கியிருக்கும்போது பேதிக்குக் கொடுத்தால் அது வெடிக்கிற ஆபத்து கூடும் என்று பிறகுதான் தெரிந்தது.

"குடல் ஏறியிருக்கும்" என்று பக்கத்துத் தெருப் பாட்டியிடம் அழைத்துப் போனோம். எண்ணெய் போட்டு நீவினார். இதுவும் தப்புதான், வலிக்கிற வயிற்றை நீவவே கூடாது. ஆனால் அவர் மேல் எனக்குக் கோபமில்லை. "ரெண்டு தடவ நீவியும் எறங்கலப்பா. கை வெச்சா சுளிக்கிறான். ஆசுபத்திரிக்கு அழைச்சிட்டுப் போ" என்று அனுப்பிவிட்டார். அடுத்த இரண்டு நாளில் அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் அந்தக் கிழவிதான்.

சாயங்காலம் டவுனில் ஒரு கிளினிக். பெயர் எழுதப்போவதில்லை. கூட்டம் அலைமோதும் இடம், டாக்டர் எங்கள் அப்பாவுக்கே சுகர் பார்த்தவர். அதற்குள் வலி தொப்புளை விட்டு இறங்கி வலது அடிவயிற்றில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஸ்டூலில் உட்காரவைத்தே விசாரணை.

"என்ன சாப்பிட்ட?"

"ராத்திரி பரோட்டா சார்."

"அதான்."

அவ்வளவுதான். படுக்கச் சொல்லவில்லை, சட்டையைத் தூக்கச் சொல்லவில்லை. வாயுப் பிடிப்பு என்று இரண்டு ஊசி, ஒரு டிரிப்ஸ், ஒரு கவர் மாத்திரை. 1,650 ரூபாய்.

என் பங்குத் தப்பையும் எழுதிவிடுகிறேன். வலி தொப்புளில் ஆரம்பித்து இடம் மாறியது என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, சரி. எனக்கு வாய் இருக்கிறதே.

சனிக்கிழமை காலை காய்ச்சல், ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை. திரும்பவும் அதே கிளினிக். ரத்தம் எடுத்ததில் வெள்ளை அணு 16,400. பதினோராயிரத்தைத் தாண்டினாலே கூடுதல் என்பார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, இன்ஃபெக்ஷன்தான்" என்று ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அனுப்பினார்கள். 2,700 ரூபாய். அந்த ரிப்போர்ட்டை நான் பிறகு எழுத்துக்கூட்டிப் படித்தேன். "குடலில் வாயு இருப்பதால் குடல்வால் தென்படவில்லை" என்றுதான் இருக்கிறது. தென்படவில்லை என்பது வேறு, நன்றாக இருக்கிறது என்பது வேறு. வாய்க்காலில் தண்ணீர் கலங்கிக் கிடந்தால் அடியில் பாம்பு இல்லை என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரி இருந்தால், பார்க்க முடிந்ததா இல்லையா என்று கேளுங்கள். முடியவில்லை, வலியும் விடவில்லை என்றால் சர்ஜனிடம் போங்கள். தேவைப்பட்டால் அவர் சி.டி. ஸ்கேன் எழுதுவார்.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு வலி சட்டென்று விட்டது. "பரவாயில்லண்ணே, லேசாயிடுச்சு" என்றான். அம்மா சாமி விளக்கை ஏற்றினார். நான் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன். அந்த நேரத்தில்தான் குடல்வால் வெடித்திருக்கிறது. உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் விட்டதும் கொஞ்ச நேரம் சுகமாக இருக்குமாம், பிறகு சீழ் பரவி வயிறு முழுக்க வலி எடுக்குமாம். ஞாயிறு காலை அவன் வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. நாக்கு வறண்டு, மூச்சு மேல்மூச்சாக வாங்கியது.

108 வந்தது. வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பல்லைக் கடித்துக் கத்தினான். வெள்ளிக்கிழமை பைக்கில் கிளினிக்குக்குப் போனபோதே "மெதுவா ஏத்துண்ணே" என்று என் தோளை நகம் பதியப் பிடித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேகத்தடையில் வலி கூடுகிறதா என்று பிரிட்டனில் ஆய்வே செய்து 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள்: குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேருக்குக் கூடியிருக்கிறது. வேறு வயிற்றுக் கோளாறுகளிலும் கூடும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் எங்கள் பக்கத்து ரோட்டில் செலவில்லாமல் கிடைக்கிற சோதனை இது.

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) பெண், என் தம்பி வயசுதான் இருக்கும், படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொன்னாள். "எங்க ஆரம்பிச்சுது? மொதல்ல வலியா, வாந்தியா? கடைசியா எப்ப பசிச்சுது?" பிறகு "இருமுங்க" என்றாள். இருமியதும் துடித்தான். இரண்டு நிமிசம் ஆகியிருக்காது, பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடினாள். மத்தியானம் ஆபரேஷன்.

மூன்றாம் நாள் நான் கேட்டபோது அவள்தான் விளக்கினாள். தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்பு முனைக்கும் கோடு போட்டால், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அழுத்தும்போது வலி அதிகம் இருக்கும். நியூயார்க் சர்ஜன் மெக்பர்னி 1889இல் எழுதி வைத்தது. 1986இல் வந்த அல்வரடோ மதிப்பெண் முறையும் உண்டு, பத்துக்கு. வலி இடம் மாறியதா, பசி போனதா, குமட்டலோ வாந்தியோ உண்டா என்று மூன்று கேள்விக்கு மூன்று. வலது கீழே அழுத்தினால் வலித்தால் இரண்டு. அழுத்திய கையைச் சட்டென்று எடுக்கும்போது சுரீரென்றால் ஒன்று. காய்ச்சலுக்கு ஒன்று. ரத்தப் பரிசோதனைக்கு மீதி மூன்று. மொத்தம் ஏழோ அதற்கு மேலோ வந்தால் பெரும்பாலும் குடல்வால்தான். பத்தில் ஆறு மதிப்பெண்ணை வாயாலும் கையாலுமே போட்டுவிடலாம். அதைச் செய்யாமல்தான் எங்களிடம் ஸ்கேனுக்கு 1,100 வாங்கினார்கள். வலி ஊசி போட்டது தப்பில்லையாம். நோவைத் தணித்துவிட்டு வயிற்றைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பியதுதான் தப்பு.

பதிமூன்று நாள் அந்த வார்டில் இருந்தால் யாருக்கும் பாதி வைத்தியம் பிடிபட்டுவிடும். பக்கத்துக் கட்டிலில் சுமை தூக்கும் பெரியவர். பத்து வருசமாகக் கவட்டில் ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போகுமாம், துண்டால் கட்டிக்கொண்டு 40 கிலோ மூட்டை சுமந்திருக்கிறார். அன்று உள்ளே போகவில்லை, கல்லாட்டம் இறுகி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை. இறங்கிய குடல் மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்று ஒரு முழம் வெட்டி எடுத்தார்களாம். எதிரே இருந்தவர் மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டவர், அல்சர் ஓட்டையாகிவிட்டது. கத்தியால் குத்தியது போல ஒரே நொடியில் வந்தது என்றார். இவர்கள் எல்லாரும் அசையாமல் கிடப்பார்கள், அசைந்தால் உயிர் போகும். சிறுநீரகக் கல்காரர் ஒருவர் வந்தார், அவர் ஒரு இடத்தில் நிற்கவில்லை, புரண்டார், எழுந்தார், நடந்தார். இந்த வித்தியாசத்தை வாசலில் நின்றே பார்க்கலாம்.

பெண்பிள்ளைகளுக்கு அடிவயிற்றில் வலி என்றால் நாள் தள்ளியிருக்கிறதா என்று டாக்டர் கேட்டால் கோபப்படாதீர்கள். கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தாலும் இதே இடத்தில்தான் வலிக்கும், சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆறு மணி நேரம் விடாத வலி, வலிக்குப் பின் வாந்தி, தொடவிடாத வயிறு என்றால் ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்புங்கள். போகும்போது எத்தனை மணிக்கு, எங்கே ஆரம்பித்தது, எப்போது எங்கே மாறியது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கிளினிக் டாக்டர் போலி என்று யாரோ சொன்னார்கள். பலகையில் இருந்த பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் போட்டுப் பார்த்தேன். அசல்தான், எம்.பி.பி.எஸ். போலி என்றால் மனசுக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

தம்பி வீடு வந்த பிறகு சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்கப் போனேன். கம்பவுண்டர் "அதெல்லாம் தர்றதில்லண்ணே, சீட்டுதான் உங்ககிட்ட இருக்கே" என்றார். கையில் இருக்கும் சீட்டில் இரைப்பை அழற்சி என்ற ஒரே வார்த்தை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதிகளில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருசம் அவகாசம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. விதியைக் குறிப்பிட்டு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன்.

கிளினிக் முத்திரை குத்திய அட்டை திரும்பி வந்துவிட்டது. அவர்கள் வாங்கிய தேதி திங்கட்கிழமை. இன்றைக்கு வெள்ளி.