இரண்டு ஸ்டீரியோ ஆம்ப் இருக்கு: பிரிட்ஜா, பை-ஆம்ப்பா?

ஒரே மாடலில் இரண்டு ஸ்டீரியோ பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர்) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இடது ஸ்பீக்கருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று ஆம்ப்பைப் பிரித்து, அதன் இரண்டு சேனல்களையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாக இணைத்து, ஒரே சேனலாக (மோனோ) ஆக்கலாம். இல்லையென்றால் ஒரு சேனலை ஸ்பீக்கருக்குள் தாழ்ந்த ஒலி தரும் வூஃபருக்கும் இன்னொன்றை உச்ச ஒலி தரும் ட்வீட்டருக்கும் கொடுத்து பை-ஆம்ப் செய்யலாம்.

பிரிட்ஜில் ஒரு சேனல் சிக்னலை நேராகவும் மற்றது தலைகீழாகவும் தரும். ஸ்பீக்கர் வயர் இரண்டும் சிவப்பு டெர்மினல்களுக்கே போகும்; கறுப்பு இரண்டும் காலி. 8 ஓம் ஸ்பீக்கரில் (ஓம் என்பது மின்தடை; அது குறைந்தால் கரண்ட் கூடும்) 100 வாட் தரும் சேனலின் வெளியீடு சுமார் 28 வோல்ட். பிரிட்ஜில் அது 56-ஐத் தாண்டும். வோல்ட் இரட்டித்தால் பவர் நான்கு மடங்கு, ஆக 400 வாட். ஆனால் இது காகிதக் கணக்கு. ஒவ்வொரு சேனலுக்கும் அந்த 8 ஓம் ஸ்பீக்கர் 4 ஓமாகத்தான் தெரியும். அத்தனை கரண்ட்டுக்கு பவர் சப்ளை ஈடுகொடுக்க வேண்டுமே! 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2 ஓமாகத் தெரியும். வீட்டு ஆம்ப் பலவும் அங்கே சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள ஒலியை நிறுத்தும் புரொடெக்‌ஷனுக்குப் போய்விடும். டாம்பிங் ஃபேக்டரும் (வூஃபரின் அசைவை ஆம்ப் கட்டுப்படுத்தும் அளவு) பாதியாகும்.

பை-ஆம்ப்பில் இந்தச் சுமை இல்லை. அதே சமயம் ஆதாயமும் குறைவு. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரிக்கும் சர்க்யூட்) அப்படியே இருப்பதால் வோல்ட் வரம்பு மாறாது. கரண்ட் மட்டும் பிரியும், அதிலும் பெரும்பங்கு வூஃபருக்கே. ஆம்ப்புக்கு முன்னாலேயே சிக்னலைப் பிரிக்கும் ஆக்டிவ் கிராஸ்ஓவர் போட்டால் கதையே வேறு, ஆனால் அதற்கு ஸ்பீக்கரைப் பிரிக்க வேண்டும். ஒன்று முக்கியம்: ஸ்பீக்கர் பின்னால் இரண்டு ஜோடி டெர்மினல்களை இணைக்கும் உலோகப் பட்டையைக் கழற்றாமல் வயரை மாட்டினால், இரண்டு சேனல்களின் வெளியீடும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஆம்ப் போய்விடலாம்.

என் ஓட்டு: 8 ஓம், சென்சிடிவிட்டி (அதே பவருக்கு ஸ்பீக்கர் தரும் சத்தம்) குறைவு, பெரிய அறை, மேனுவலிலும் அனுமதி இருக்கிறது என்றால் பிரிட்ஜ். 4 ஓம் என்றால் வேண்டவே வேண்டாம். அந்த 400 வாட்டும் முழுசாகக் கிடைத்தாலே கூடுவது 6 டெசிபல்தான். 86-க்குப் பதில் 92 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர் வாங்கினால் ஆம்ப்பைத் தொடாமலே அது வந்துவிடும்.

அப்புறம், ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்தே சப்வூஃபருக்கு சிக்னல் எடுப்பவர்கள் கவனிக்கவும். பிரிட்ஜில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயரிலுமே சிக்னல் ஓடும். அதில் ஒன்றை கிரௌண்ட் என்று நினைத்து சப்வூஃபரின் கிரௌண்டோடு சேர்த்தால் ஒரு சேனல் ஷார்ட் ஆகிவிடும்.