1968 மஸ்டாங்கோடு சென்னையில் மூன்று வாரம்

போன டிசம்பரில் ஊருக்குக் கிளம்பும்போது துணிமணியைக் குறைத்துக்கொண்டு ஒரு கிட்டாரைத் தூக்கிப் போனேன். ஃபெண்டர் நிறுவனத்தின் மஸ்டாங் மாடல். 1968-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் செய்தது. சிவப்பு உடம்பு, முத்துப்போல் மின்னும் வெள்ளைத் தகடு, ஒரு கீறல்கூட இல்லாத முதுகு. கனடாவில் ஹாமில்டன் பக்கம் ஒரு மூதாட்டியின் வீட்டில் வாங்கினேன். பையனுக்கு எடுத்துக் கொடுத்தாராம், மூன்று மாதம் வாசித்துவிட்டு விட்டுவிட்டானாம். பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் போனது, என் கைக்கு வரும்வரை அங்கேயே இருந்தது.

இதை ஏன் சென்னை வரை சுமக்க வேண்டும் என்று வீட்டிலேயே கேட்டார்கள். அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு வருடமாகக் கிட்டார் கற்றுக்கொள்கிறாள். அவளிடம் இருப்பது முழு அளவு கிட்டார், தந்தி நீளம் 25.5 அங்குலம். முதல் நாலு ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) விரல் எட்டவில்லை என்று அழுகிறாள். மஸ்டாங்கை 1964-இல் ஃபெண்டர் கொண்டுவந்ததே மாணவர்களுக்காகத்தான். நீளம் 24 அங்குலம், ஃப்ரெட் 22, விலையும் பெரிய மாடல்களைவிடக் குறைவு. கையில் ஒருமுறை பிடித்துப் பார்த்தால் குறை அவள் விரலில் இல்லை என்று அவளுக்கே புரியும் என்று நினைத்தேன்.

கனடாவிலிருந்து பழைய கருவியோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லைச் சேவை அலுவலகத்தில் பி.எஸ்.எஃப். 407 என்று ஒரு படிவம் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் கருவியைக் காட்டி, சீரியல் எண்ணை அதில் பதிந்து வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது “இது வெளியில் வாங்கியதா” என்ற கேள்விக்கு அந்தத் தாளே பதில். சென்னையில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். சொந்தப் பொருள், திருப்பி எடுத்துப் போவேன் என்று சொல்லி அதே தாளை நீட்டினேன். கழுத்து சேரும் இடத்தில் பின்னால் இருக்கும் உலோகத் தகட்டில் எண் பொறித்திருக்கும். அதைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார், “நல்லா வெச்சிருக்கீங்க” என்றார், அனுப்பிவிட்டார்.

மரத்தைப் பற்றியும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விரல் ஓடும் பலகை பிரேசில் ரோஸ்வுட் என்றால் 1992 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு உண்டு, காகிதம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. மற்ற ரோஸ்வுட் வகைகளையும் 2017-இல் பட்டியலில் சேர்த்தார்கள், ஆனால் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். அறுபதுகளின் நடுவில் ஃபெண்டர் பிரேசில் மரத்தை விட்டு இந்திய மரத்துக்கு மாறியது. என்னுடையது அந்த மாற்றத்துக்குப் பிறகு வந்தது.

சென்னை வந்து மூன்றாம் நாள் கிட்டார் இரைய ஆரம்பித்தது. டொராண்டோ குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும். அங்கே வற்றிப்போயிருந்த மரம் இங்கே ஈரத்தைக் குடித்தது, கழுத்து லேசாகப் பின்னுக்கு வளைந்தது, முதல் ஃப்ரெட்டுகளில் தந்தி உரசியது. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரவென்று ஒரு சத்தம் வேறு.

முதலில் போன கடையின் பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, நல்ல மரியாதை. பையன் ஒருவன் கிட்டாரை வாங்கினான், ஆறு தந்தியையும் ஒரே மூச்சில் கட்டரால் வெட்டினான், தூசி தட்டக் கவிழ்த்தான். தந்திகளைத் தாங்கும் பாலம் பொத்தென்று கழன்று மேசையில் விழுந்தது. மஸ்டாங்கின் பாலம் திருகி இறுக்கியது கிடையாது. இரண்டு கால்கள் இரண்டு குழிக்குள் சும்மா நிற்கும், தந்தியின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைக்கும். அவனுக்கு அது தெரியவில்லை, உடைந்துவிட்டது என்று பயந்துபோனான். உள்ளேயிருந்து வந்தவர் பார்த்துவிட்டு ஒரு பட்டியல் போட்டார்: புதுப் பாலம், புது பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) இரண்டு, புது வயரிங், மேலே ஒரு கோட்டிங். “புதுசு மாதிரி ஆக்கிடலாம் சார்.” எனக்குக் கை நடுங்கியது. பாகங்களைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ஒருவரும் கை வைக்காததால் தப்பித்த பொருள் அது. ஒரே மதியத்தில் அதை இல்லாமல் செய்திருப்பார்கள்.

அக்கா மகளின் மாஸ்டர்தான் புரசைவாக்கத்தில் ஒரு பெரியவரைச் சொன்னார். சந்துக்குள் மாடி, பத்துக்குப் பத்து அறை. ஒரு மூலையில் வீணைக் குடம், கீழே திறந்து கிடந்த கீபோர்டுகள், சுவரெல்லாம் வயர் சுருள். மெல்லிசைக் குழு ஒன்றில் முப்பது வருடம் மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் பார்த்தவராம். கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் எதுவும் பேசவில்லை.

“தம்பி, எத்தனை நாளாச்சு வந்து?”

“நாலு நாள்ண்ணே.”

“ஒரு வாரம் சும்மா வைங்க. மரம் ஊருக்குப் பழகட்டும். அப்புறம் கை வைக்கலாம்.”

அந்த ஒரு வாரத்துக்குள் அண்ணா சாலை மியூசி மியூசிக்கலுக்குப் போய்த் தந்தி வாங்கி வந்தேன். 1842-இல் தொடங்கிய கடை, சென்னையில் கிட்டார் தொட்டவர்கள் பாதிப் பேருக்காவது அந்தப் படி பழக்கம் இருக்கும். 11 கேஜ் எடுத்தேன். குட்டை நீளத்தில் மெல்லிய தந்தி தொளதொளவென்று கிடக்கும், கொஞ்சம் தடிமன் வேண்டும். ஆம்ப்ளிஃபயரை டொராண்டோவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அங்கே 120 வோல்ட், இங்கே 230. கொண்டுவந்து நேராகச் செருகினால் புகைந்துவிடும். மாஸ்டர் ஒன்றை இரவல் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பப் போனேன். இந்தக் கிட்டாரில் கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் கம்பியின் திருகு அடிப்பக்கம் இருக்கிறது, கழுத்தைக் கழற்றாமல் தொட முடியாது. நாலு திருகு. ஒவ்வொன்றையும் எடுத்த குழிக்கு நேராகவே ஒரு அட்டையில் குத்தி வைத்தார், இடம் மாறக் கூடாதென்று. கழுத்து வந்ததும் அடியில் முத்திரை தெரிந்தது: மாதம், 68, கடைசியில் பி என்ற எழுத்து. கழுத்தின் மேல்முனை அகலம் 1 5/8 அங்குலம் என்பதற்கு அந்த பி. கட்டைவிரலால் பலகையைத் தடவிவிட்டு, “இது நம்ம ஈட்டி தம்பி” என்றார். ஈட்டி என்பது அந்த இந்திய ரோஸ்வுட்தான். எங்கள் தாத்தா வீட்டுப் பீரோவும் ஈட்டிதான், தோதகத்தி என்பார் தாத்தா. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் கலிஃபோர்னியா போய், ஹாமில்டனில் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கிடந்து, புரசைவாக்கம் மாடியில் அவர் விரலுக்கு அடையாளம் தெரிந்தது. எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது.

திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தினார். அவ்வளவுதான். பிறகு வால்யூம் பக்கம் தகட்டைத் தூக்கிச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். குமிழின் முதுகில் 137 66 என்று தொடங்கும் எண். “கழுத்து 68, இது 66-னு சொல்லுதே. யாராவது மாத்தினாங்களா?” என்றார். சரியான கேள்வி. 137 என்பது குமிழின் உள்பாகத்தைச் செய்த சி.டி.எஸ். நிறுவனத்தின் குறி, அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி இரண்டு வாரம். 1965-இல் ஃபெண்டரை வாங்கிய அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனம் சி.பி.எஸ். 1966-இல் இந்தப் பாகங்களை மொத்தமாக வாங்கிக் குவித்துவிட்டது, அந்தச் சரக்கு அறுபதுகளின் கடைசிவரை ஓடியது என்று சொன்னேன். அவர் ஈயம் வைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மந்தமாகி, ஒரே நிறத்தில், எங்கும் இரண்டாவது தடவை சூடு காட்டிய அடையாளம் இல்லை. “யாரும் தொடல. நானும் தொடமாட்டேன்.” கிளீனர் இரண்டு சொட்டு விட்டு குமிழை இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்பினார். பிக்கப்புகளுக்கு மேலே இருக்கும் இரண்டு நகர்த்தும் சுவிட்சுக்கும் அதே வைத்தியம். கரகரப்பு போய்விட்டது. எல்லாவற்றுக்கும் 800 ரூபாய் கேட்டார். கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

சென்னையில் வேலை தெரிந்தவர்கள் இல்லை என்று சொல்கிற நண்பர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இருக்கிறார்கள். கிட்டாரைக் கையில் வாங்கியதும் எதை மாற்றலாம் என்று சொல்பவரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தது, எத்தனை நாளாயிற்று என்று கேட்பவரிடம் கொடுங்கள்.

அன்று மாலை அக்கா மகள் எஃப் கார்டு பிடித்தாள். இடது கைச் சுட்டுவிரல் முதல் ஃப்ரெட்டில் முழுக்கப் படுத்தது, ஆறு தந்தியும் சுத்தமாக ஒலித்தன. அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, மறுபடி அடித்தாள், மறுபடியும் அடித்தாள். அக்கா அடுக்களையிலிருந்து வந்து வாசலில் நின்றாள். நான் ஊர் திரும்பும்வரை கிட்டார் அவளிடம்தான் இருந்தது. அவளுக்கே ஒரு 24 அங்குலக் கிட்டார் வாங்கித் தருவதாக அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

வாசிக்காதபோது ஆம்ப்ளிஃபயரில் ஒரு ரீங்காரம் இருக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு அது கூடப்பிறந்தது, வீட்டு மின்சாரத்தின் துடிப்பைப் பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 முறை துடிக்கிறது. அது ஜி ஸ்வரத்துக்குப் பக்கத்தில் வரும். அவள் ஒரு நாள் ஜி தந்தியைத் தட்டிவிட்டு, “மாமா, கரண்டும் இதே சுதியில பாடுது” என்றாள். கனடாவில் 60, அங்கே வேறு ஸ்வரம் என்றேன். நம்பவில்லை.

டொராண்டோ திரும்பிய மறுநாள் கிட்டாரைச் செருகி, தந்தியைத் தொடாமல் அந்த ரீங்காரத்தை மட்டும் பதிவு செய்து அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவுல நிக்குது மாமா.”